கடல் கடந்த அறிவு கரை திரும்புமா?

1949ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டமும், பின்னர் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் ஆராய்ச்சிப் பயிற்சியும் பெற்ற 27 வயது இளைஞர் ஒருவர் தாயகம் திரும்பினார். பஞ்சாபில், இன்று பாகிஸ்தானில் இருக்கும் பகுதியில், நூறு பேரே வாழ்ந்த ஒரு சிற்றூரில் பிறந்தவர் அவர். அவ்வூரில் எழுத்தறிந்த குடும்பம் என்று ஏறத்தாழ அவருடைய குடும்பம் ஒன்றைத்தான் சொல்ல முடியும். 1945இல் அவரைக் கடல் கடந்து படிக்க அனுப்பியது இந்திய அரசின் உதவித்தொகையே.

படித்து முடித்துத் திரும்பியவருக்குத் தாய்நாட்டில் தகுந்த வேலை அமையவில்லை. பிரிவினையின் புண் ஆறாத காலம் அது. புதிய ஆராய்ச்சிச்சாலைகள் அப்போதுதான் எழும்பிக் கொண்டிருந்தன. சில மாதங்கள் பார்த்துவிட்டு அவர் மீண்டும் இங்கிலாந்துக்கே கப்பலேறினார். கேம்பிரிட்ஜ், 1952இல் கனடாவின் வான்கூவர், 1960இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் என அவருடைய பயணம் தொடர்ந்தது. 1966இல் அவர் அமெரிக்கக் குடிமகனானார். 1968இல் மரபுக் குறியீட்டின் பொருளை விளக்கியதற்காக மருத்துவ நோபல் பரிசை மற்ற இருவருடன் பகிர்ந்துகொண்டார். அவர்தான் ஹர் கோவிந்த் கொரானா.

கொரானா நாட்டைத் துறந்தவரா, நாடு அவரைத் தவறவிட்டதா? இந்தக் கேள்வியைப் பல நாட்டு அரசுகள் தங்களையே கேட்டுக்கொண்டிருக்கின்றன. அதற்கு அவை கண்ட விடைகளின் வரலாற்றைப் பார்ப்போம்.

பெயர் வந்த கதை

படித்தவர்கள் பிற நாடுகளுக்குச் சென்று அங்கேயே தங்கிவிடுவதை ஆங்கிலத்தில் 'பிரெயின் டிரெயின்' என்கிறார்கள். மூளை வடிந்து போதல் என்பது அதன் நேர்ப்பொருள். அறிவாளர் வெளியேற்றம் என்று நாம் சொல்லலாம். இச்சொல் ஏழை நாடு எதிலும் பிறக்கவில்லை என்பது வியப்பான செய்தி. பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அமெரிக்காவுக்குச் செல்வதைப் பற்றி இலண்டன் ராயல் சொசைட்டி 1963இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதையொட்டி எழுந்த பத்திரிகைப் பேச்சில்தான் இச்சொல் பரவியது. பணக்கார நாடான பிரிட்டனே தன் மூளை வடிகிறது என்று அலறியது என்றால், ஏழை நாடுகளின் நிலையை ஊகித்துக் கொள்ளலாம்.

இரண்டே ஆண்டுகளில் வடிகாலின் வாய் இன்னும் அகன்றது. 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர் மட்டுமே அமெரிக்காவில் குடியேற முடிந்தது. 1965ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்த நாட்டைப் பார்த்து ஒதுக்கீடு செய்யும் முறையை நீக்கிற்று. தொழில் திறன் உள்ளவர்களுக்கு அது தனி இடமும் அளித்தது. ஆசிய நாடுகளின் பொறியாளர்களுக்கும் மருத்துவர்களுக்கும் அமெரிக்கா கதவு திறந்தது அப்போதுதான்.

கயிறு கட்டி இழுத்தல்

வெளிநாட்டில் படிக்கும் மாணவனைத் திரும்ப வரவழைக்க அரசின் கையில் இருக்கும் மிக எளிய கருவி கட்டளை. அதன் பயனை அறிய நூற்றைம்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1854இல் அமெரிக்காவின் யேல் கல்லூரியில் பட்டம் பெற்ற யுங் விங் என்பவர், அமெரிக்கக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் சீனர். அவருடைய இடைவிடாத முயற்சியால், சீனப் பேரரசு 1872 முதல் 1875 வரை ஆண்டுக்கு 30 பேராக 120 சிறுவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பியது. கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரைச் சுற்றி, அமெரிக்கக் குடும்பங்களில் தங்கி அவர்கள் படித்தார்கள். பதினைந்து ஆண்டுகள் படித்துவிட்டு வந்து அரசுப் பணியில் சேர வேண்டும் என்பது ஏற்பாடு.

ஆனால் சிறுவர்கள் பேஸ்பால் ஆடினார்கள். மேலைநாட்டு உடை அணிந்தார்கள். சிலர் தலைப்பின்னலை வெட்டிக் கொண்டார்கள். சிலர் கிறித்துவ சமயத்தை நாடினார்கள். 'பிள்ளைகள் சீனர்களாகத் திரும்ப மாட்டார்கள்' என்ற அச்சம் அரண்மனையைப் பற்றிக்கொண்டது. அமெரிக்க இராணுவக் கல்லூரிகள் சீன மாணவர்களைச் சேர்க்க மறுத்ததும் சேர்ந்துகொள்ள, 1881இல் அனைவரையும் திரும்ப அழைக்க ஆணை பிறந்தது. பெரும்பாலோர் படிப்பின் நடுவில் இருந்தார்கள். பட்டம் பெற்றிருந்தவர்கள் இருவரே.

திரும்பியவர்களுக்கு வரவேற்பு இல்லை. குற்றவாளிகளைப் போலக் காவலில் வைத்து, பின்னர் தந்தி, கப்பற்படை, சுரங்கம் என்று பிரித்து அனுப்பினார்கள். பட்டம் பெற்ற இருவரில் ஒருவரான ஜான் தியென்யூ யேலில் சிவில் பொறியியல் படித்தவர். அவரைக் கப்பற்படைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள்! ரயில்பாதைப் பணிக்கு அவர் வந்து சேர ஏழு ஆண்டுகள் ஆயின. 1905க்கும் 1909க்கும் இடையில், வெளிநாட்டுப் பொறியாளர் துணையின்றிப் பெய்ஜிங்கிலிருந்து ஜாங்ஜியாகோவுக்கு மலைகளின் ஊடே சுமார் 200 கிலோமீட்டர் ரயில்பாதை அமைத்தவர் அவரே. செங்குத்தான ஏற்றத்தில் வண்டி முன்னும் பின்னுமாக வளைந்தேறும் அமைப்பை அவர் அங்குக் கையாண்டார். கட்டளை ஆளைக் கொண்டுவந்து சேர்த்தது உண்மை. ஆளை எங்கே அமர்த்துவது என்பதைக் கட்டளையால் சொல்ல முடியவில்லை.

இருபதாம் நூற்றாண்டிலும் கயிற்று முறை மறையவில்லை. சோவியத் ஒன்றியம் 1972இல், நாட்டை விட்டுக் குடிபெயரும் உயர்கல்வி பெற்றவர்கள் தங்கள் படிப்புச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று வரி விதித்தது. உலகெங்கும் எழுந்த எதிர்ப்பால் மறு ஆண்டே அது கைவிடப்பட்டது. அதே காலத்தில் இந்தியப் பொருளாதார அறிஞர் ஜகதீஷ் பகவதி வேறொரு யோசனையை முன்வைத்தார். குடிபெயர்ந்த தொழில் வல்லுநர்கள் புதிய நாட்டில் ஈட்டும் வருவாயில் கூடுதல் வரி வாங்கி, அதை வளரும் நாடுகளின் முன்னேற்றத்துக்குச் செலவிடலாம் என்பது அது. நியாயமான யோசனை என்று பலர் தலையசைத்தார்கள். ஆனால் தன் குடிமகனாகிவிட்டவனிடம் வேறொரு நாட்டுக்காக எந்த அரசு வரி வாங்கித் தரும்? யோசனை ஏட்டில் நின்றது.

மடை இல்லாத குளம்

சுதந்திர இந்தியா கயிற்றை நம்பவில்லை. கொரானாவுக்கு நேர்ந்தது வேறு பலருக்கும் நேர்ந்துகொண்டிருந்தது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் கேம்பிரிட்ஜில் 1952இல் டாக்டர் பட்டம் பெற்று, விஸ்கான்சினில் உருளைக்கிழங்கு இனங்களை ஆராய்ந்தவர். அங்கேயே பணி வாய்ப்பு இருந்தும் 1954இல் தாயகம் திரும்பினார். அவர் துறையில் வேலையே காலியில்லை. சில மாதங்கள் காத்திருந்த பிறகுதான் கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு தற்காலிகப் பணி கிடைத்தது. அவ்வாண்டு அக்டோபரில் டில்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் அவரை ஏற்றுக்கொண்டது. அந்தச் சில மாதங்களில் அவர் மனம் சலித்து மீண்டும் விமானம் ஏறியிருந்தால், பசுமைப் புரட்சியின் வரலாறு வேறாக எழுதப்பட்டிருக்கக் கூடும்.

இந்த இடைவெளியை நிரப்பவே 1958இல் 'விஞ்ஞானிகள் தொகுப்பு' என்னும் திட்டத்தை இந்திய அரசு தொடங்கி, அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்திடம் ஒப்படைத்தது. வெளிநாட்டில் உயர்கல்வி பெற்றுத் திரும்புவோர், நிலையான வேலை கிடைக்கும் வரை ஒரு பல்கலைக்கழகத்திலோ ஆராய்ச்சிச்சாலையிலோ மருத்துவமனையிலோ அமர்ந்து பணியாற்றலாம். மாத ஊதியம் உண்டு. வேலை கையில் இல்லாமலே ஊர் திரும்பலாம் என்ற துணிவை இது தந்தது. உலகில் இவ்வகை முயற்சிகளில் இது முன்னோடி என்றே கூறலாம்.

இத்திட்டத்தின் ஆங்கிலப் பெயரில் உள்ள சொல்லுக்குக் குளம் என்றும் ஒரு பொருள் உண்டு. குளத்தில் நீரைத் தேக்குவது வயலுக்குப் பாய்ச்சத்தானே? மடை சரியாக இல்லாத குளத்தில் நீர் எத்தனை வந்தாலும் வயல் காயும். நிலையான பதவிகள் போதிய அளவில் உருவாகாத இடங்களில், தொகுப்பில் சேர்ந்தவர் தவணை முடியும் நாளை எண்ணிக்கொண்டிருக்க நேர்ந்தது. சேர்ந்த ஆராய்ச்சிச்சாலையில் அவர் விருந்தாளி. தமக்கென ஒரு கருவி கேட்கவோ, உதவியாளரை அமர்த்தவோ அவருக்கு உரிமை குறைவு. பலர் இத்திட்டத்தின் வழியே நல்ல பணிகளில் அமர்ந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் பாலம் ஒன்றைக் கட்டிவிட்டு, அக்கரையில் ஊர் அமைக்க மறந்துவிட்டால் பாலம் என்ன செய்யும்?

விளக்கு அணையாத ஆய்வுக்கூடம்

இதற்கு நேர்மாறான வழியில் சென்றது தென் கொரியா. 1953இல் போர் ஓய்ந்தபோது அந்நாட்டில் ஆலைகளும் பள்ளிகளும் இடிந்து கிடந்தன. கொரிய மாணவர்கள் அமெரிக்காவுக்குச் சென்றார்கள், படித்தார்கள், பெரும்பாலோர் அங்கேயே தங்கினார்கள். திரும்பி வந்து அவர்கள் எங்கே போய் வேலை செய்வது?

1965 மே மாதத்தில் தென் கொரிய அதிபர் பார்க் சுங் ஹீ வாஷிங்டன் சென்றார். வியட்நாம் போருக்குக் கொரியப் படைகளை அனுப்ப ஒப்புக்கொண்டிருந்த நேரம். கொரியாவுக்கு ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைக்க உதவுவதாக அமெரிக்க அதிபர் ஜான்சன் அப்போது உறுதியளித்தார். ஓஹையோ மாநிலத்தின் பேட்டெல் ஆராய்ச்சி நிறுவனம் வழிகாட்ட, 1966 பிப்ரவரியில் கொரிய அறிவியல் தொழில்நுட்ப நிலையம் பிறந்தது. ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு அதைக் 'கிஸ்ட்' என்பார்கள்.

அதன் முதல் தலைவர் சோய் ஹியுங் சுப், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற உலோகவியலாளர். தாமே திரும்பி வந்தவர் ஆதலால், திரும்பி வருபவனுக்கு எங்கே வலிக்கும் என்பதை அறிந்தவர். அவர் அமெரிக்கா சென்று கொரிய விஞ்ஞானிகளை நேரில் கண்டு பேசினார். 'நோபல் பரிசு வாங்க விரும்புகிறவர்கள் வரவேண்டாம்' என்று அவர் சொன்னதாக இன்றும் கொரியாவில் பேசப்படுகிறது. நாட்டின் ஆலைகளுக்கு வேண்டிய ஆராய்ச்சியே கிஸ்டின் வேலை. அதற்குச் சம்மதிப்பவர்களே வேண்டும் என்பது அதன் பொருள். முதற்கட்டமாக 18 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்.

அவர்களுக்கு அளிக்கப்பட்டவை என்ன? அமெரிக்காவில் பெற்றதைவிடக் குறைவான, ஆனால் கொரியப் பேராசிரியர்களைவிட இரண்டு மூன்று மடங்கு ஊதியம், வளாகத்திலேயே வீடு, குடும்பம் பெயர்ந்து வரும் செலவு, குழந்தைகளின் படிப்புக்கு உதவி, அன்றைய கொரியாவில் அரிதாக இருந்த மருத்துவக் காப்பீடு. இவற்றைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அரசு பணம் தரும், ஆனால் அன்றாட ஆராய்ச்சியில் தலையிடாது என்பதற்கு வகை செய்து தனிச் சட்டமே இயற்றப்பட்டது. கணக்குத் தணிக்கைக்காரரும் துறை அதிகாரியும் நாள்தோறும் கதவைத் தட்டாத ஓர் ஆய்வுக்கூடம் கிடைத்தது.

உள்நாட்டிலேயே இருந்து உழைத்த பேராசிரியர்களுக்குச் சினம் எழாமல் இருக்குமா? எழுந்தது. ஊதியப் பட்டியலைப் பார்த்த அதிபர், தம்மைவிட அதிகம் வாங்குகிறவர்கள் பலர் இருப்பதைக் கண்டும் அதை மாற்றவில்லை என்று ஒரு செய்தி வழங்குகிறது. இந்தக் குறையை எளிதாகத் தள்ளிவிட முடியாது. போகாமல் இருந்தவனுக்குக் குறைவாகவும், போய் வந்தவனுக்கு அதிகமாகவும் கொடுப்பது நீதியா? கொரியா அதற்கு விடை சொல்லாமலே முன்னே சென்றது. அதேபோல், விஞ்ஞானிகளுக்குச் சுதந்திரம் அளித்த அதே அரசு, சுதந்திரம் கேட்ட மாணவர்களைச் சிறையில் அடைத்தது என்பதையும் வரலாறு மறக்கவில்லை.

கிஸ்ட் எடுத்துக்கொண்ட பணிகளில் ஒன்று, போகாங் நகரில் அமைய இருந்த எஃகு ஆலைக்கான திட்ட ஆய்வு. அந்த ஆலை பின்னர் உலகின் பெரும் எஃகு ஆலைகளுள் ஒன்றாயிற்று. சோய் தம் நினைவு நூலுக்கு ஆராய்ச்சிச்சாலையின் விளக்கு அணைவதில்லை என்ற பொருளில் பெயர் சூட்டினார்.

1971இல் கொரியா இன்னும் ஒரு படி மேலே சென்றது. போனவர்களை அழைப்பது ஒருபுறம் இருக்க, போகாமலே உயர்கல்வி பெற வழி செய்தால் என்ன? கொரிய உயர் அறிவியல் நிலையம் அவ்வாண்டு நிறுவப்பட்டது. இங்குச் சேரும் மாணவர்களுக்குப் படிப்புச் செலவு இல்லை. கட்டாயப் படைச் சேவையிலிருந்தும் சலுகை உண்டு. திரும்பி வந்த விஞ்ஞானிகளே அங்கு ஆசிரியர்களானார்கள். இந்நிலையமே இன்று 'கைஸ்ட்' என்று உலகப் புகழுடன் விளங்குகிறது.

தைவானின் தோட்டம்

தைவானிலும் இதே நோய் இருந்தது. சிறந்த மாணவனின் வழி என்பது தலைநகரப் பல்கலைக்கழகம், அங்கிருந்து அமெரிக்கா என்று ஒரு வாய்பாடாகவே ஆகிவிட்டிருந்தது. அரசு பல ஆண்டுகள் அழைப்புக் கடிதம் எழுதியும் பயணச் செலவு கொடுத்தும் பார்த்தது. வந்தவர்கள் சிலரே.

1980 டிசம்பரில் சின்ச்சு நகரில் அறிவியல் தொழிற்பூங்கா திறக்கப்பட்டது. அதன் பின்னணியில் இருந்தவர்களுள் முக்கியமானவர் லீ குவோ திங் என்னும் அமைச்சர். இடத்தைத் தேர்ந்ததிலேயே நுட்பம் இருந்தது. அருகில் இரண்டு பல்கலைக்கழகங்கள். 1973இல் தொடங்கப்பட்ட தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும் பக்கத்திலேயே. வரிச் சலுகையும் வீடுகளும் தந்ததோடு, பூங்காவுக்குள் இருமொழிப் பள்ளி ஒன்றும் அமைத்தார்கள். அமெரிக்காவில் வளர்ந்த குழந்தை சீன மொழிப் பள்ளியில் திண்டாடுமே என்ற கவலை பெற்றோரைத் தடுத்து நிறுத்துவதை அவர்கள் கண்டறிந்திருந்தார்கள்.

அமெரிக்காவில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் 25 ஆண்டுகள் பணியாற்றிய மோரிஸ் சாங் என்பவர், 1985இல் அந்த ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையை ஏற்க அழைக்கப்பட்டார். 1987இல் அரசின் முதலீட்டுத் துணையுடன் அவர் தொடங்கிய டி.எஸ்.எம்.சி. நிறுவனமே, உலகின் மிக நுண்ணிய சில்லுகளில் பெரும்பகுதியை இன்று செய்து தருகிறது. மாணவனாக வெளியேறும்போது ஒருவன் எடுத்துச் செல்வது பட்டம் பெறும் திறமை மட்டுமே. இருபத்தைந்து ஆண்டு கழித்துத் திரும்புகிறவன் ஒரு தொழிலையே கொண்டுவருகிறான். போனது முழுதும் இழப்பு அன்று என்பதைத் தைவான் உலகுக்குக் காட்டியது.

போகவும் வரவும் உரிமை

மீண்டும் சீனத்துக்கு வருவோம். 1935இல் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்ற சியென் ஷுவேசென், கால்டெக்கில் ராக்கெட் ஆராய்ச்சியில் முன்னணியில் நின்றவர். 1950இல் அவரைக் கம்யூனிஸ்டு என ஐயுற்ற அமெரிக்க அரசு, இரகசிய ஆராய்ச்சிகளில் ஈடுபடும் அனுமதியை இரத்துச் செய்தது. அவர் நாடு திரும்ப முற்பட்டபோது தடுத்து, ஐந்து ஆண்டுகள் கண்காணிப்பில் வைத்தது. 1955இல் சீனம் திரும்பிய அவர் அந்நாட்டு ஏவுகணைத் திட்டத்தின் தந்தையானார். அவரைச் சீனாவுக்கு மீட்டுக் கொடுத்தது சீன அரசின் அழைப்பா, அமெரிக்க அரசின் ஐயமா என்று கேட்டால், இரண்டாவதையே சொல்ல வேண்டும்.

பண்பாட்டுப் புரட்சி ஓய்ந்தபின், 1978 ஜூனில் தெங் சியோபிங் மாணவர்களை ஆயிரக்கணக்கில் வெளிநாடு அனுப்ப வேண்டும் என்றார். அவ்வாண்டு டிசம்பர் 26இல் 52 பேர் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார்கள். திரும்பாமல் போவோரும் இருப்பார்கள் என்பது தெரிந்தே எடுத்த முடிவு அது. 1989இல் தியானன்மென் சதுக்கத்தில் இரத்தம் சிந்தியது. அமெரிக்கா 1992இல் சட்டம் இயற்றி அங்கிருந்த சீன மாணவர்கள் நிலையாகத் தங்க வழி செய்தது. கயிற்றை இறுக்க இதைவிடத் தக்க சாக்கு வேண்டுமா? ஆனால் அடுத்து வந்த கொள்கை வேறாக இருந்தது. வெளிநாட்டுப் படிப்பை ஆதரிப்பது, திரும்பி வர ஊக்குவிப்பது, போகவும் வரவும் உரிமை அளிப்பது என்ற மூன்று கூறுகளையும் 1993இல் சீனம் கொள்கையாக ஏற்றுக்கொண்டது. 1994இல் சீன அறிவியல் கழகத்தின் 'நூறு திறமையாளர்' திட்டமும், 2008இல் 'ஆயிரம் திறமையாளர்' திட்டமும் வந்தன. ஆய்வுக்கூடம், நிதி, உதவியாளர் குழு ஆகியவை வருகிறவருக்காகக் காத்திருந்தன.

2018இல் அமெரிக்கா சீன வம்சாவளி விஞ்ஞானிகளை மீண்டும் ஐயத்தோடு விசாரிக்கத் தொடங்கி, 2022இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. சியெனின் கதையிலிருந்து கற்க வேண்டியவர்கள் கற்கவில்லை போலும்!

கணக்கு என்ன சொல்கிறது?

இந்த நூற்றைம்பது ஆண்டுக் கதையை ஒன்றாக வைத்துப் பார்த்தால் சில உண்மைகள் தெளிவாகின்றன. கட்டளையும் அபராதமும் உடலைக் கொண்டுவரும், உழைப்பைக் கொண்டுவரா. பயணச் செலவும் தற்காலிக ஊதியமும் வருகிறவனுக்கு வாயிற்படி வரை துணை நிற்கும். உள்ளே இருக்கை இருந்தால்தான் அவன் தங்குவான். நல்ல ஊதியம் தேவைதான். ஆனால் கிஸ்டுக்கு வந்தவர்கள் அமெரிக்க ஊதியத்தைவிடக் குறைவாகவே பெற்றார்கள். செய்யத் தகுந்த வேலையும், அதைச் செய்யும் உரிமையும், குடும்பம் வாழும் வசதியும் சேர்ந்தே அவர்களை இழுத்தன.

இந்தியாவும் இப்பாடத்தைக் கற்று வந்திருக்கிறது. உயிர்த் தொழில்நுட்பத் துறையின் இராமலிங்கசாமி உதவித்தொகை போன்ற பிற்காலத் திட்டங்கள், திரும்புகிறவருக்கு ஊதியத்தோடு ஆராய்ச்சி நிதியையும் அளிக்கின்றன. குளத்துக்கு மடை வைக்கும் முயற்சி இது. ஆனால் உதவித்தொகையின் ஆண்டுகள் முடிந்தபின் நிலையான பதவி உண்டா என்ற பழைய கேள்வி இன்னும் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை.

மேற்படிப்புக்குக் கடல் கடந்து போக நினைக்கும் மாணவனைக் கண்டு, நன்றி கெட்டவன் என்று நாம் முகம் சுளிப்பதுண்டு. அப்போது 1949இல் டில்லியில் வேலை தேடி அலைந்த அந்த 27 வயது இளைஞரை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் போனவர் அல்லர், திரும்பி வந்தவர். அவரிடம் திறமை இருந்தது, வந்து உழைக்கும் விருப்பமும் இருந்தது. இல்லாதது ஒரு மேசையும், சில சோதனைக் குழாய்களும், 'இங்கே உட்காருங்கள்' என்று சொல்ல ஒருவரும்தான்.